பகல் பத்து மணி இருட்டு

விரிப்பின் இரண்டு மூலைகள் யோகத்தின் கையிலும் மற்ற இரண்டு மூலைகள் ரத்தனாவின் கையிலும் இருந்தன. ஒரு உதறல், ஒரு இழுவை, பிறகு சூடான உருளைகளின் வாய்க்குள் அதை நேராக ஊட்டிவிட வேண்டும். ஸ்டுட்கார்ட்டைச் சுற்றியுள்ள மூன்று ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள் இந்தச் சலவைத் தொழிற்சாலைக்குத்தான் வந்தன. ஏழு வருடமாக ஒரே இயந்திரத்தின் முன்னால் எதிரெதிரே நின்றதில், துணி இழுபடும் விதத்திலிருந்தே மற்றவளுக்குத் தோள் நோகிறதா, இரவு நித்திரை வந்ததா என்பது இருவருக்கும் தெரிந்துவிடும். அன்று வியாழக்கிழமை ரத்தனா வழக்கத்தைவிட மெதுவாக இழுத்தாள். அவளுடைய முகத்தில் பரிசு ஒன்றை முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கும் பிள்ளையின் சிரிப்பு இருந்தது.

"ஞாயிறு எங்கள் கோயில்" என்றாள். "செத்த ஆட்களுக்குச் சோறு குடுக்கிற நாள். இந்த வருசம் உன் மனுசன் பெயரும் நான் எழுதிக் குடுத்தேன். குண-சே-கரம். சரியாகச் சொல்கிறேனா?"

யோகத்தின் கையிலிருந்த மூலைகள் நழுவின. விரிப்பு கோணலாக உள்ளே இழுபட்டுச் சுருண்டு கருகல் மணம் எழுந்தது. ரத்தனா பாய்ந்து சிவப்புப் பொத்தானை அடித்தாள். இயந்திரம் நின்றுபோன அமைதியில், மண்டபத்தின் மறுகோடியிலிருந்து மேற்பார்வையாளன் என்ன நடந்தது என்று கத்தினான்.

"அவர் சாகேல்லை" என்றாள் யோகம். அதைத் தமிழில் சொல்லிவிட்டோம் என்பது, ரத்தனா ஒன்றும் விளங்காமல் விழித்தபோதுதான் அவளுக்கு உறைத்தது.

ரத்தனா கம்போடியாக்காரி. யோகத்தைவிட எட்டு வயது மூத்தவள். யோகம் அவளை ரத்தினாக்கா என்று கூப்பிடுவாள். அந்த நாட்டில் பொல்பொட்டின் ஆட்கள் நகரங்களைக் காலிசெய்து சனத்தையெல்லாம் வயலுக்குத் துரத்தியபோது ரத்தனாவுக்கு ஒன்பது வயது. மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் வீட்டைவிட்டு இறக்கினார்களாம். அந்தக் காலத்தை அவள் எப்போதும் ஒரே மூச்சில் 'மூன்று வருடம் எட்டு மாதம் இருபது நாள்' என்றுதான் சொல்வாள், அது ஏதோ ஒரு ஊரின் பெயர்போல. போகும்போது எட்டுப் பேராக இருந்த குடும்பத்தில் அவள் மட்டுமே தாய்லாந்து எல்லையைக் கடந்தாள். இதெல்லாம் அவள் ஒரே நாளில் சொன்னதல்ல. ஏழு வருடத்தில், இருவரின் ஓட்டை ஜெர்மனில், விரிப்புக்கு விரிப்பு ஒரு வசனமாகச் சொன்னது. யோகமும் அப்படித்தான், யுத்தத்தின் கடைசி நாட்களில் வட்டுவாகல் பாலத்தடியில் கணவரைப் பிரிந்ததைச் சொல்லியிருந்தாள். சொல்லும்போதெல்லாம் 'கூட்டிக்கொண்டு போனார்கள்' என்பதோடு நிறுத்திவிடுவாள். ரத்தனாவுக்கு அதற்கு மேல் கேட்கவேண்டியிருக்கவில்லை. அவளுடைய நாட்டில் அந்த வசனம் முடிந்த வசனம். யோகத்தின் நாட்டில் அது இன்னும் முடியாமல் கிடந்தது. அதை ரத்தனாவுக்கு விளக்கிச் சொல்லவேண்டும் என்று அவளுக்கு இதுவரை தோன்றியதில்லை.

இடைவேளையில் இருவரும் வெவ்வேறு மேசைகளில் இருந்தார்கள். லொறி ஓட்டுகிற றெஜினோல்ட் அண்ணை கோப்பிக் கோப்பையோடு வந்து இரண்டு மேசைக்கும் நடுவில் நின்றார்.

"என்ன தங்கச்சி, உங்கள் ரெண்டு பேருக்கும் டிவோர்சோ? ஆரிட்ட பிள்ளையள் இருக்கப்போகுதுகள், அதை முதல் பேசுங்கோ."

யோகம் சிரிக்கவில்லை. அவர் கோப்பியை ஒரு மிடறு குடித்துவிட்டு, "நான் பகிடிக்குச் சொன்னனான்" என்று தணிந்த குரலில் சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

ஷிஃப்ட் முடிந்து உடை மாற்றும் அறையில்தான் ரத்தனா பக்கத்தில் வந்தாள். பெயரை எடுத்துவிடு என்றாள் யோகம். பட்டியல் போன கிழமையே கோயிலில் குடுத்தாயிற்று, எடுக்கிறதென்றால் ஞாயிற்றுக்கிழமை நீயே வா, நான் அழிக்கமாட்டேன், என்றாள் ரத்தனா. "நான் அழித்தால், நான் அவருக்குச் சோற்றைத் தட்டிப் பறித்த மாதிரி."

பதினாறு வருடமாக யோகம் திவசம் கொடுக்கவில்லை. நெற்றியில் பொட்டு இருந்தது, கழுத்தில் தாலிக்கொடி இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அம்மன் கோயிலில் அர்ச்சனைச் சிட்டில் முதல் பெயராகக் குணசேகரம், உத்தர நட்சத்திரம் என்று எழுதிக் கொடுப்பாள். ஐயர் அதை உயிரோடு இருக்கிறவர்களின் பெயர்களோடு சேர்த்து வாசிப்பார். அந்தக் கணத்தில் எங்கோ ஒரு முகாமில், ஒரு இரும்புக் கட்டிலில், அவர் இருமிக்கொண்டு புரண்டு படுப்பதாக அவள் நினைத்துக்கொள்வாள். அந்த இருமலை ஒவ்வொரு கிழமையும் அவள்தான் அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அலுவலகப் படிவங்களில் திருமணமானவர் என்ற கட்டத்தில் புள்ளடி போடுவாள். கணவர் எங்கே என்று கேட்டால், இலங்கையில் இருக்கிறார் என்பாள். இருக்கிறார் என்பது பொய்யென்று எவனாவது நிரூபித்துக் காட்டட்டும்.

வீட்டில் மகள் ஆதிரை சீருடையோடு சோபாவில் படுத்திருந்தாள். தாதிமைக்கான தொழிற்பயிற்சி, அவுஸ்பில்டுங், இரண்டாம் வருடம். தாய் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"அவ வேணுமெண்டு செய்யேல்லை அம்மா."

"எனக்குத் தெரியும். வேணுமெண்டு செய்திருந்தா அந்த உருளைக்குள்ளயே தள்ளியிருப்பன்."

"ஒரு பேப்பரில பேர்தானே."

"உன்ர கொப்பரிட்ட மிஞ்சிக் கிடக்கிறது அந்தப் பேர் மட்டும்தானடி." யோகம் சோற்றுப் பானையை அடுப்பில் வைத்த வேகத்தில் மூடி உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது. "அதைப் போய் ஒரு காவிக்காரன் செத்த ஆக்களின்ர பேரோட வாசிக்க, பிறகு பேப்பரைக் கொளுத்துவினமாம். கொளுத்துவினமாம், கேட்டனியே?"

அதுதான் அவளை அன்றிரவு முழுவதும் அரித்தது. உடம்பில்லாத இடத்தில் பெயரைக் கொளுத்துகிறார்கள். காவி உடையைக் கண்டால் அவளுக்கு இன்னும் உள்ளங்கை வேர்க்கும். சோதனைச் சாவடிகளின் பக்கத்தில் புதிதாக முளைத்த புத்தர் சிலைகளும், விடியற்காலையில் ஒலிபெருக்கியில் வந்த சரணங்களும் துவக்குகளோடு சேர்ந்துதான் அவளுடைய வாழ்க்கைக்குள் வந்தன. இந்தப் பிக்கு வேறு, இந்த மொழி வேறு, இந்தச் சனமும் வெந்து வந்த சனம் என்பது அறிவுக்குத் தெரியும். ஆனால் உள்ளங்கைக்கு அது தெரியவில்லை.

ஞாயிறு காலை அவள் கதவைப் பூட்டப்போனபோது ஆதிரையும் செருப்பைக் கொளுவிக்கொண்டு நின்றாள். வேலைக்குக் கொண்டுபோகும் நீலப் போத்தலில் தண்ணீர் நிரப்பியிருந்தாள்.

"நானும் வாறன்."

"உனக்கு அங்கை என்ன அலுவல்?"

"உங்களுக்கு அங்கை என்ன அலுவலோ அதுதான்."

எஸ்-பான் ரயிலில் கடைசி நிறுத்தம்வரை போய், அங்கிருந்து பஸ் எடுக்க வேண்டியிருந்தது. கோயில் என்றால் கோபுரத்தையோ தங்கக் கூரையையோ தேடிய யோகத்தின் கண்ணுக்கு, டயர்க் கடைக்கும் மரத் தளபாடக் கிடங்குக்கும் நடுவில் ஒரு தட்டைக் கட்டடம் மட்டுமே தெரிந்தது. முன்பு கம்பள விற்பனை நிலையமாக இருந்ததாம். வாசலில் நூறு சோடிச் செருப்புகள். உள்ளே சாம்பிராணி, எள், அவித்த அரிசி, ஈரக் குடை. பெண்கள் வெள்ளை மேற்சட்டை அணிந்து, ஒரு தோளில் வெள்ளைத் துணியைக் குறுக்கே போட்டிருந்தார்கள். தலைக்கு உறை கட்டிய ரத்தனாவை மட்டுமே பார்த்துப் பழகிய யோகத்துக்கு, பட்டுப் பாவாடையும் முடிந்த கொண்டையுமாக எதிரே வந்தவளை அடையாளம் காண ஒரு நிமிடம் பிடித்தது.

"வந்துவிட்டாய்" என்றாள் ரத்தனா. ஆதிரையின் கன்னத்தைத் தொட்டாள். பிறகு, வேலையை முதலில் முடிப்போம் என்பதுபோல, ஒரு மூலையில் மேசை போட்டிருந்த முதியவரிடம் இருவரையும் கூட்டிக்கொண்டு போனாள். சடங்குகளை நடத்துகிறவர் அவர்தான். பிக்கு அல்ல, வெள்ளைச் சட்டை போட்ட மெலிந்த மனிதர். அவர் பெயர்த்தாள்களின் கட்டிலிருந்து ரத்தனாவுடையதை உருவி மேசையில் வைத்தார்.

சுருண்டும் கொக்கி போட்டும் நின்ற எழுத்துகள், எங்கோ பார்த்த எழுத்துகள் போலவும் இருந்தன. ஒன்றையும் வாசிக்க முடியவில்லை. ரத்தனா விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினாள். அப்பா. அம்மா. அம்மாவின் தங்கை. மூத்த அக்கா. இரண்டு தம்பிமார். கடைசித் தங்கச்சி. அந்த வரி மற்ற வரிகளைவிடக் கட்டையாக இருந்தது.

"அவளுக்குப் பெயர் வைத்தார்கள்" என்றாள் ரத்தனா. "அங்கே வயலில் பிறந்தவள், நாலு மாதம்தான் இருந்தாள். எனக்குப் பெயர் ஞாபகம் இல்லை. கேட்க ஒருவரும் இல்லை. சின்னது என்று எழுதுகிறேன்." விரல் அடுத்த வரிக்கு இறங்கியது. "இது அண்ணா. விசெத்."

அந்த வரியில் அவளுடைய விரல் நின்றுவிட்டது. பின்னால் காத்து நின்ற ஒரு குடும்பத்துக்கு அவள் தங்கள் மொழியில் ஏதோ சொல்ல, அவர்கள் விலகி நின்றார்கள்.

"யோகம், உனக்கு இதை நான் சொல்லவில்லை. அண்ணாவுக்குப் பதினெட்டு வயது. ஒரு பின்னேரம் இரண்டு பேர் வந்து, படிக்க அனுப்பப்போகிறோம், வா என்றார்கள். அங்கே எங்களுக்குச் சொந்தமாக ஒன்றும் இல்லை. சட்டிபானை எல்லாம் பொது. கரண்டி மட்டும் ஆளுக்கு ஒன்று. இடுப்பில் செருகி வைப்போம். நித்திரையிலும் அதைப் பிடித்துக்கொண்டு படுப்போம். அண்ணா போகும்போது தன் கரண்டியை எனக்குத் தந்தான். வைத்திரு, வந்து வாங்குகிறேன் என்றான். நான் வைத்திருந்தேன். அம்மா, அப்பா எல்லாருக்கும் இங்கே சோறு வைத்தேன். அண்ணாவுக்கு வைக்கவில்லை. அவன் வருவான். முப்பத்திநாலு வருடம்."

ரத்தனா தாளின் ஓரத்தை விரலால் தடவி நேராக்கினாள்.

"பிறகு நாட்டுக்குப் போனேன். அந்த ஊரில் ஒரு கிழவர் இருந்தார். அன்றைக்கே, அந்தப் பின்னேரமே, இரண்டாவது வரம்புக்கு அங்கால் என்று கையைக் காட்டினார். எங்கள் குடிசையிலிருந்து பார்த்தால் தெரிகிற இடம்." ரத்தனாவின் குரலில் அழுகை இல்லை. தவறிப்போன ஒரு வேலையைப் பற்றி மேற்பார்வையாளனிடம் சொல்வதுபோலச் சொன்னாள். "நான் சின்னப்பிள்ளை. யோசிக்கத் தெரியவில்லை. சாப்பிடப் போகிறவன் கரண்டியை விட்டுவிட்டுப் போவானா? இந்தப் பதினைந்து நாளும் செத்த ஆட்களுக்குக் கதவு திறக்கும். கோயில் கோயிலாக, ஏழு கோயில் தேடுவார்கள், என்னுடைய ஆட்கள் எனக்கு வைத்திருக்கிறார்களா என்று. அவன் முப்பத்திநாலு வருடம் வந்து வந்து வெறும் வயிற்றோடு போயிருக்கிறான். உன் மனுசன் பதினாறு வருடம். அதுதான் எழுதினேன். வேறு ஒன்றும் நான் நினைக்கவில்லை."

"அம்மா" என்றாள் ஆதிரை. தாயின் கையைப் பிடித்திருந்தாள். "அண்டைக்கு அப்பா தண்ணிப் போத்திலை என்னட்டைத்தானே தந்தவர்?"

"பேசாமல் இரு."

"நான் முழுக்கக் குடிச்சனான். எனக்கு அது மட்டும்தான் ஞாபகம். சூடாக இருந்தது. பிளாஸ்டிக் மணம்."

"பேசாமல் இரெண்டு சொன்னன்."

வட்டுவாகல் பாலத்துக்கு இந்தப் பக்கம், மே மாத வெயில். ஒரு நாளாவது இயக்கத்துக்கு வேலை செய்தவர்கள் பதிந்துவிட்டுப் போகலாம், விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்று ஆமியின் ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டிருந்தது. குணசேகரம் தண்ணீர் இறைக்கும் இயந்திரங்கள் திருத்துகிறவர். எட்டு மாதம் இயக்கத்தின் இயந்திரங்களைத் திருத்தியிருந்தார், அவ்வளவுதான். பஸ்ஸில் ஏறுமுன் போத்தலைப் பிள்ளையின் கையில் கொடுத்தார். எங்களுக்கு உள்ளுக்கை தருவாங்கள், பிள்ளைக்குக் குடு, என்றார். மூன்று நாள் அந்தச் சனம் தண்ணீருக்கு அலைந்திருந்தது. பதினாறு வருடமாக யோகம் அந்த வசனத்தின் முதல் பாதியைத்தான் கெட்டியாகப் பிடித்திருந்தாள். உள்ளுக்குத் தருவார்கள். அந்த மனிதர் போத்தலை நீட்டியபோது அதை எப்படிப் பார்த்தார், பிறகு எப்படிப் பார்க்காமல் திரும்பினார் என்பதை அவள் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது அது, தூசியும் வெயிலுமாக, அந்த மேசைமேல் வந்து நின்றது.

முதியவர் குமிழ்முனைப் பேனாவை நீட்டினார். யாரையாவது எடுப்பதென்றால் அவர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருந்தது போலும். நல்ல ஜெர்மனில், மரியாதையாகக் கேட்டார்.

"அவர் உயிரோடு இருக்கிறாரா?"

அலுவலகங்களில், கோயிலில், கலியாண வீடுகளில், தொலைபேசியில் இந்தக் கேள்விக்கு அவளிடம் எப்போதும் பதில் இருந்தது. வாயைத் திறந்தாள்.

"தெரியாது" என்றாள்.

தன் காதாலேயே அதைக் கேட்டாள். பக்கத்தில் ஆதிரை மூச்சை இழுத்தது கேட்டது. முதியவர் பேனாவைத் திருப்பி எடுக்கவும் இல்லை, நீட்டவும் இல்லை. யோகம் அதை வாங்கினாள். எது என்று ரத்தனாவைப் பார்த்தாள். ரத்தனா கடைசி வரியின் கீழ் விரலை வைத்தாள். நகம் வெட்டிய, சலவைத் தூளில் வெந்து வெளிறிய விரல். வாசிக்கத் தெரியாத அந்த எழுத்துகளின் மேல் யோகம் கோடு போட்டாள். கோடு நேராக வரவில்லை. கீழே பெயர் அப்படியே தெரிந்தது.

"சரி" என்றாள் ரத்தனா. "நல்லது." அவளுடைய கண்ணில் கோபம் இருக்கிறதா என்று யோகம் தேடினாள். அங்கே இருந்தது முப்பத்திநாலு வருடத்தை ஏற்கெனவே நடந்துவிட்ட ஒருத்தியின் களைப்பு.

மண்டபத்தில் எல்லோரும் கால்களை ஒரு பக்கம் மடித்து உட்கார்ந்தார்கள். மேடையில் நான்கு பிக்குகள். யோகம் தன் உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். பெயர்கள் வாசிக்கப்பட்டன. பெயருக்குப் பெயர் நிறுத்தாமல், ஏற்ற இறக்கமில்லாமல், மழை பெய்வதுபோல வாசித்தார்கள். ஒரு தாள், இன்னொரு தாள், இன்னும் ஒன்று. மூன்று வருடம் எட்டு மாதம் இருபது நாளில் ஒரு நாட்டில் எத்தனை பேர் என்று ஆதிரை ஒருமுறை தொலைபேசியில் தேடிச் சொல்லியிருந்தாள். எண்ணாகக் கேட்டபோது அது யோகத்துக்குள் இறங்கவில்லை. இப்போது முழங்கால் மரத்துப்போன பிறகும் அது முடியவில்லை. முன்வரிசையில் ஒரு வயதான மனிதர், ஒரு பெயர் வந்தபோது, வகுப்பில் பிள்ளை கை உயர்த்துவதுபோல மெல்லக் கையை உயர்த்தி இறக்கினார். விசெத் என்பது அவளுக்கும் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு சின்ன இடைவெளி. வாசித்தவர் கோட்டைக் கண்டிருக்க வேண்டும். பிறகு வேறு தாள்.

வாசித்து முடிந்த தாள்களை ஒரு பித்தளைச் சட்டியில் போட்டுக் கொளுத்தினார்கள். ரத்தனாவின் தாளும் ஓரத்திலிருந்து சுருளத் தொடங்கியது. கோடு போட்ட வரியும் அதில்தான் இருந்தது. யோகம் இதை யோசித்திருக்கவில்லை. அரைவாசி எழுந்துவிட்டாள். அதற்குள் அது கறுத்து ஒடுங்கிவிட்டது.

பிறகு யன்னல்களை மூடும் சுருள் தகடுகளான ரோலாடனை இறக்கினார்கள். பாவம் சுமந்த ஆவிகளுக்கு வெளிச்சம் ஆகாது, அதனால் ஊரில் இதை விடியுமுன் நாலு மணிக்குச் செய்வார்கள் என்று ரத்தனா பஸ் நிறுத்தத்தில் வைத்து முன்பொருமுறை சொல்லியிருந்தாள். இங்கே பக்கத்துத் தெருக்காரர்கள் சத்தம் என்று முறைப்பாடு செய்தபிறகு, பத்து மணிக்கு வைத்துக்கொண்டு, யன்னல்களின் ரோலாடனை இறக்கி இருட்டை உண்டாக்குகிறார்கள். தகடுகள் கடகடவென்று ஒவ்வொரு யன்னலாக விழுந்தன. ஞாயிற்றுக்கிழமையின் சாம்பல் வெளிச்சம் கோடுகளாகி, புள்ளிகளாகி, அணைந்தது.

இருட்டில் ஒரு கூடை கைமாறி வந்தது. யோகத்தின் உள்ளங்கையில் யாரோ ஒரு சோற்று உருண்டையை வைத்தார்கள். எள் ஒட்டிய, இளஞ்சூடான, கோழிக்குஞ்சின் பாரம். எல்லோரும் வெறுங்காலோடு எழுந்து சுவரோரமாகச் சுற்றி நடந்தார்கள். தரையில் விரித்திருந்த இலைத் தட்டுகளில் உருண்டைகள் விழும் மெத்தென்ற சத்தம் முன்னாலும் பின்னாலும் கேட்டது. சொந்தக்காரர் இல்லாதவர்களுக்கும், யாரென்றே தெரியாதவர்களுக்கும் இது சேரும் என்று ரத்தனாவின் குரல் காதருகே சொன்னது. யோகம் குனிந்தாள். விரல்களை விரிக்கப் பார்த்தாள். வைத்தால் செத்துப்போவார். வைக்காவிட்டால் பசித்திருப்பார். விரல்கள் விரியவில்லை. பின்னால் வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவள் அந்தச் சூட்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள்.

எங்கோ இடதுபக்கம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. சிந்தாமல், அவசரப்படாமல், நெடுநேரம் ஊற்றும் சத்தம்.

ரோலாடன் மேலே ஏறியது. வெளிச்சம் முதலில் எல்லோருடைய பாதங்களிலும் விழுந்தது, பிறகு தட்டுகளில். யோகம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மகளைத் தேடினாள். ஆதிரை சுவரோரம் முழங்காலில் இருந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு தட்டில் ஒரே ஒரு உருண்டை, பக்கத்தில் விளிம்புவரை தண்ணீர் நிரம்பிய ஒரு கிண்ணம். அவள் மடியில் நீலப் போத்தல் மூடி திறந்தபடி கிடந்தது. அவள் எழுந்துவந்து தாயின் பக்கத்தில் நின்றாள். விரல்களில் எள் ஒட்டியிருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது யோகத்தின் கையில் உருண்டை இன்னும் இருந்தது. சூடு எப்போதோ போய்விட்டது. ஒரு வளைவில் பஸ் திரும்ப, இருக்கைக்குக் கீழே வெறும் போத்தல் உருண்டு போய், எதிர்வரிசைக் காலொன்றில் முட்டி, மெல்லத் திரும்பி அவர்களிடமே வந்தது.